சர்க்கரையும் ஒரு ஜோடி ஷூவும்



முதல்ல ஒரு சின்னக் கேள்வி. உங்க வீட்டுல ஃபிரிட்ஜ் மேலயோ டிவி பக்கத்துலயோ ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கா? அதுக்குள்ள மாத்திரை அட்டைகள், அதுல ஒண்ணுல மெட்ஃபார்மின்னு பேரு? எங்க வீட்டுலயும் இருக்கு. அப்பாவோட டப்பா.

இந்தக் கட்டுரை அப்பாவும் நானும் ஓட ஆரம்பித்த கதை. "ஓடினோம், சர்க்கரையும் ஓடிப்போச்சு" என்று முடிகிற கதை என்று நினைத்துவிடாதீர்கள். நடுவில் நான் பண்ணிய ஒரு தப்பால் அப்பா ரோட்டோரத்தில் மயங்கி விழப் பார்த்தார். அந்தத் தப்பை நீங்க பண்ணக் கூடாது என்பதற்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

பூட்டும் சாவியும்

எங்க ஊர் திண்டுக்கல். காலேஜ்ல யார்கிட்ட ஊர்ப் பேரைச் சொன்னாலும் முதலில் வருகிற வார்த்தை பிரியாணி. இரண்டாவதாகத்தான் பூட்டு வரும், அதுவும் கொஞ்சம் வயசானவங்க என்றால். அப்பா பூட்டுப் பட்டறைக்காரர். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி வந்த பேப்பரை இன்னும் மடித்து வைத்திருக்கிறார். முப்பது வருஷமாக வேலை ஒரே மாதிரிதான். காலையில் ஒன்பது மணிக்கு முக்காலியில் உட்கார்ந்தால் வைஸில் தகட்டைப் பிடித்து, அரத்தால் ராவி, லீவரைப் பொருத்தி, சாவி வெட்டி, மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். மறுபடி உட்கார்ந்தால் இருட்டுகிற வரைக்கும்.

போன வருஷம் தை மாசம் ஒரு இரும்புத் துண்டு அவர் குதிகாலில் குத்தியது. சின்னக் காயம். மூணு வாரம் ஆகியும் ஆறவில்லை. ராத்திரியில் நாலு தடவை பாத்ரூம் போகிறார் என்று அம்மா வேறு சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் ரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றில் 186. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 294. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 9.2. தெரியாதவர்களுக்காக: வெறும் வயிற்றில் 126, ஹெச்பிஏ1சி 6.5, இதற்கு மேல் போனால் சர்க்கரை நோய். அப்பா அந்தக் கோட்டை எப்போதோ தாண்டிவிட்டார். நாங்கள்தான் பார்க்கவில்லை.

டாக்டரம்மா இரண்டு மாத்திரை எழுதினார். மெட்ஃபார்மின் ஒன்று, கிளிமெப்பிரைடு ஒன்று. சோற்றைக் குறைக்கச் சொன்னார். காயத்துக்கு மருந்து போட்டு, "காயம் ஆறினதும் தினமும் அரை மணி நேரம் வேகமா நடக்கணும் அய்யா" என்றார்.

அப்பாவுக்குக் கோபம். "நாள் பூரா வேலைதானம்மா பாக்குறேன். உடம்பு அலுங்காமயா இருக்கேன்?"

டாக்டரம்மா சிரித்தார். "கை வேலை பாக்குது. காலு உக்காந்தே இருக்குதே அய்யா."

அப்புறம் அப்பாவின் தொழிலைக் கேட்டுவிட்டு அவருக்குப் புரிகிற மாதிரியே சொன்னார். நாம் சாப்பிடுவது சர்க்கரையாகி ரத்தத்துக்கு வருகிறது. அது செல்லுக்குள் போக வேண்டும். கதவைத் திறக்கிற சாவி இன்சுலின். இரண்டாம் வகை சர்க்கரை நோயில் ஆரம்பத்தில் சாவி இருக்கும், ஆனால் கதவு சரியாகத் திறக்காது. வீட்டுக்கு வருகிற வழியில் அப்பா வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னார்: "அப்ப சாவியில கோளாறு இல்ல பாப்பா. பூட்டு துருப்பிடிச்சிருக்கு. சாவிய மாத்தி மாத்திப் போட்டா ஆகாது. பூட்டைத்தான் பாக்கணும்."

இதைவிடச் சுருக்கமாக இன்சுலின் எதிர்ப்பை யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

இன்னொரு கதவு

அன்று ராத்திரி படிக்க உட்கார்ந்தேன். (செமஸ்டருக்கு இப்படி உட்கார்ந்திருந்தால் என் சி.ஜி.பி.ஏ. வேறு மாதிரி இருந்திருக்கும்.)

நான் தெரிந்துகொண்டது இதுதான். இன்சுலின் வந்து ரத்தத்திலிருந்து வெளியே தள்ளும் சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது நம் தசைகள். தசைச் செல்லுக்குள் குளூட்-4 என்று ஒரு புரதம் இருக்கிறது. சர்க்கரையை உள்ளே விடும் வாசல் அது. சும்மா இருக்கும்போது அந்த வாசல்கள் செல்லின் உள்ளே சுருண்டு கிடக்கும். இன்சுலின் வந்து கூப்பிட்டால் மேல்பரப்புக்கு வரும். இந்தக் கூப்பாடுதான் சர்க்கரை நோயாளிகளுக்குச் சரியாகக் கேட்பதில்லை.

ஆனால் தசை சுருங்கி விரியும்போது, அதாவது நடக்கும்போதும் ஓடும்போதும், இன்சுலின் கூப்பிடாமலேயே அதே வாசல்கள் மேலே வந்துவிடுகின்றன. அது வேறு சிக்னல், வேறு பாதை. அந்தப் பாதை சர்க்கரை நோயாளிகளுக்கும் பெரும்பாலும் கெடாமல் இருக்கிறது. ஓடி முடித்த பிறகும் ஒரு நாள், சில சமயம் இரண்டு மூன்று நாள் வரை, இன்சுலின் பேச்சைத் தசை கொஞ்சம் நன்றாகக் கேட்கும்.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. மனிதனுக்கு முதன்முதலில் இன்சுலின் ஊசி போட்டது 1922-ல். நாலே வருஷத்தில், 1926-ல், லண்டனில் ஆர். டி. லாரன்ஸ் என்ற டாக்டர் உடற்பயிற்சி செய்தால் இன்சுலின் கூடுதலாக வேலை செய்கிறது என்று எழுதிவிட்டார். அவரே சர்க்கரை நோயாளி.

"வேற வழியா கதவு தொறக்குதுப்பா" என்று அப்பாவிடம் சொன்னேன். "அப்ப போவோம்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அரியர் பிளான்

காயம் ஆறியது. மாசியில் ஆரம்பித்தோம். காலை அஞ்சரை மணி. கோட்டைக்குளம் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, மலைக்கோட்டை அடிவார ரோட்டில் நடை. அந்த நேரத்துக்கு ஊர் நன்றாக இருக்கும். பூ மார்க்கெட்டுக்கு மல்லிகைப்பூ மூட்டையோடு போகிற ஆட்டோ, பால்காரர், முந்தின நாள் வெயிலை இன்னும் வைத்துக்கொண்டு நிற்கிற பாறை. அப்பா வேட்டியை மடித்துக்கட்டி, ரப்பர் செருப்போடு வந்தார். எனக்கு ஸ்கூல் பி.டி. ஷூ. அம்மாவுக்கு என் டிராக் பேன்ட்தான் பெரிய கவலை. "பொம்பளப் புள்ள இருட்டுல ரோட்டுல ஓடுறதப் பாத்தா நாலு பேரு என்ன சொல்லுவாங்க" என்றார். "நாலு பேருக்கும் சுகர் இருக்கும், வந்து சேந்துக்கச் சொல்லு" என்றார் அப்பா.

ரெண்டு வாரம் நடந்தோம். காலைச் சர்க்கரை 186-லிருந்து 150 பக்கம் இறங்கியது. எனக்கு ஆசை வந்துவிட்டது. போனில் ஒரு ஆப். ஒன்பது வாரத்தில் அஞ்சு கிலோமீட்டர் ஓட வைக்கும் அட்டவணை. ஒரு நிமிஷம் ஓடு, ஒன்றரை நிமிஷம் நட என்று மெதுவாக ஏற்றிக்கொண்டு போகும் நல்ல அட்டவணைதான். நான் என்ன பண்ணினேன் தெரியுமா? ஒன்பது வாரத்தை அஞ்சு வாரமாகச் சுருக்கினேன். அரியர் எக்ஸாமுக்குப் படிக்கிறோமே, அந்த மாதிரி. எக்ஸலில் போட்டு, கலர் அடித்து, பிரிண்ட் எடுத்துப் பட்டறைச் சுவரில் ஒட்டினேன்.

அப்பா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. மகள் போட்டுக் கொடுத்த அட்டவணை. அதுதான் பிரச்சினையே.

58

நாலாவது வாரம், ஒரு வியாழக்கிழமை. அன்றைக்கு நாற்பது நிமிஷம் என்று அட்டவணை சொன்னது. அப்பா வழக்கம்போல எழுந்து, பல் விளக்கி, கிளம்பும் முன் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். 'சாப்பாட்டுக்கு முன்' என்று சீட்டில் எழுதியிருக்கிறது. ஓட்டமும் சாப்பாட்டுக்கு முன்தானே? ஓடிவிட்டு வந்து சாப்பிட்டால் ஆச்சு. அவர் கணக்கு அது. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

முப்பதாவது நிமிஷம் அப்பா பின்தங்கினார். திரும்பிப் பார்த்தேன். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஓடினால் வியர்க்கும்தானே என்று நினைத்தேன். "இன்னும் பத்து நிமிஷம்தாம்ப்பா, வாங்க" என்றேன். வந்தார். கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டார். கை நடுங்கியது. "என்னப்பா?" என்றால், "பட்டறையப் பூட்டிட்டியா பாப்பா?" என்று கேட்டார். மூணு தடவை அதையே கேட்டார்.

அந்தக் கேள்வியில்தான் எனக்குப் பயம் வந்தது.

பக்கத்தில் டீக்கடை. அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் பெஞ்சில் உட்கார வைத்தேன். மாஸ்டர் அப்பா முகத்தைப் பார்த்ததும் டீ போடப் போகவில்லை. ஒரு கிளாஸில் மூணு ஸ்பூன் சீனி, தண்ணி, ஒரு கலக்கு. "அண்ணே, மொதல்ல இதக் குடிங்க. எங்கய்யாவுக்கும் இப்படித்தான் வரும்." அப்பா குடித்தார். பத்துப் பதினஞ்சு நிமிஷத்தில் நடுக்கம் நின்றது. இன்னொரு கிளாஸ் கொடுத்தார், ரெண்டு பன்னும் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்பதால் வீட்டுக்குப் போய்க் குளுக்கோமீட்டரை எடுத்துவர அஞ்சு நிமிஷம்தான் ஆனது. முதல் கிளாஸ் குடித்த கையோடு பார்த்த அளவு 58. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. சர்க்கரை வேலை செய்ய ஆரம்பித்த பிறகே 58 என்றால் அதற்கு முன் எவ்வளவு இருந்திருக்கும்? இன்றுவரை அதை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசையும்.

அன்று சாயங்காலம் டாக்டரம்மாவிடம் போனோம். அப்பாவை அவர் திட்டவில்லை. என்னைத்தான் பார்த்தார். "நீ என்னம்மா படிக்கிற?" "ஈ.ஈ.ஈ. மேடம்." "கரண்ட் ஓடிக்கிட்டிருக்கிற லைன்ல இன்னொரு சப்ளையைக் கொண்டுவந்து கோப்பியா?" நான் தலையை ஆட்டினேன். "மாத்திரையும் சுகரைக் குறைக்குது. ஓட்டமும் குறைக்குது. ரெண்டையும் வெறும் வயித்துல ஒண்ணா விட்டிருக்க."

அவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன், இதை மட்டுமாவது மனசில் வைத்துக்கொள்ளுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் போடுபவர்களுக்கு உடற்பயிற்சியால் சர்க்கரை ரொம்பத் தாழ்ந்துபோவது அபூர்வம். கிளிமெப்பிரைடு வகை மாத்திரையும் இன்சுலின் ஊசியும் வேறு. கிளிமெப்பிரைடு வகை கணையத்தை அழுத்தி இன்சுலினைச் சுரக்க வைக்கும், நீ சாப்பிட்டாயா ஓடினாயா என்று பார்க்காது. ஊசியில் உள்ளே போன இன்சுலினும் அப்படித்தான். அதோடு ஓட்டமும் சேர்ந்தால் சர்க்கரை சடாரென்று விழும். அதனால் இவற்றை எடுப்பவர்கள் ஓட ஆரம்பிக்கும் முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். மாற்றுவது டாக்டர். நீங்களோ நானோ கூகுளோ கிடையாது.

அப்பாவுக்குக் கிளிமெப்பிரைடை அவர் பாதியாகக் குறைத்தார். ஓடிவிட்டு வந்து, காலைச் சாப்பாட்டோடு சேர்த்துப் போடச் சொன்னார். அட்டவணையைக் கிழிக்கச் சொன்னார். அப்பா கிழிக்கவில்லை. திருப்பி ஒட்டி, வெள்ளைப் பக்கத்தில் தினமும் அளவை எழுத ஆரம்பித்தார்.

அளவும் ஒரு மருந்துதான்

ஒரு மாசம் ஓட்டம் கிடையாது, நடை மட்டும். வைகாசியில் மறுபடி ஓட்டம், இந்தத் தடவை ஆப் இல்லாமல். ஒரே விதி: ஓடும்போது பேச முடிய வேண்டும். ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு முட்டினால் வேகம் அதிகம். பாட்டே பாட முடிந்தால் வேகம் பத்தாது. அப்பா பட்டறைக் கதை சொல்லிக்கொண்டே ஓடுவார். மாங்காய்ப் பூட்டு, தப்புச் சாவி போட்டால் சாவியைப் பிடித்துக்கொண்டு விடாத பூட்டு, எல்லாவற்றின் உள்ளமைப்பும் எனக்கு இப்போது அத்துப்படி.

ஸ்ட்ரிப் செலவைப் பார்க்காமல் கொஞ்ச நாள் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் அளந்தோம். முப்பது நிமிஷ மெதுவோட்டத்துக்கு முன் 148, பின் 117. இன்னொரு நாள் 139, பின் 112. ஒரு நாள் மட்டும் ஆசைக்குக் கடைசி இருநூறு மீட்டர் ரெண்டு பேரும் போட்டி போட்டு ஓடினோம். அப்பா ஜெயித்தார். அளந்தால் சர்க்கரை கூடியிருந்தது! மெஷின் கோளாறு என்று நினைத்தேன். இல்லையாம். திடீரென்று முழு மூச்சில் ஓடினால் உடம்பு அட்ரினலினைச் சுரக்கும், கல்லீரல் சேமித்து வைத்த சர்க்கரையை அவசரமாக ரத்தத்தில் கொட்டும். கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும், பயப்பட வேண்டாம் என்றார் டாக்டரம்மா.

எவ்வளவு ஓட வேண்டும்? உலகம் முழுக்கச் சொல்லப்படும் அளவு வாரத்துக்கு 150 நிமிஷம். அதை வாரத்தில் மூன்று நாளுக்காவது பரப்ப வேண்டும், சேர்ந்தாற்போல இரண்டு நாளுக்கு மேல் விடக் கூடாது. ஏன் இரண்டு நாள்? மேலே சொன்னேனே, தசை காது கொடுத்துக் கேட்பது அவ்வளவு நேரம்தான். இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். தீபாவளிக்கு ஆர்டர் நெருக்கடி, அப்புறம் மழை, அப்புறம் சொந்தக்காரங்க வீடு என்று பத்து நாள் ஓடவில்லை. அப்பாவின் வெள்ளைப் பக்கத்தில் காலை அளவு 118, 124, 133, 141 என்று படி ஏறுவதைப் பார்க்கலாம். அதிரசத்துக்கும் அதில் பங்கு உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

பலன்? மூணு மாசத்தில் ஹெச்பிஏ1சி 9.2-லிருந்து 7.6. ஒன்பதாவது மாசம் 6.8. கிளிமெப்பிரைடை டாக்டரம்மாவே முழுசாக நிறுத்தினார். மெட்ஃபார்மின் தொடர்கிறது.

நாம் இன்ஜினியரிங் படிக்கிறவர்கள். இந்த இறக்கம் முழுக்க ஓட்டத்தால் வந்தது என்று சொன்னால் நீங்களே என்னைக் கேள்வி கேட்க வேண்டும். மாத்திரையும் மாறியது, சோறும் குறைந்தது, ஓட்டமும் சேர்ந்தது. மூணு வேரியபிளை ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு ஒன்றுக்கு மட்டும் மாலை போட முடியாது. தனியாகப் பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன. 2001-ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, உடற்பயிற்சி செய்தவர்களின் ஹெச்பிஏ1சி செய்யாதவர்களைவிட சராசரியாக 0.66 புள்ளி குறைவாக இருந்ததாகக் கணக்கிட்டது. 2011-ல் இன்னொன்று, வாரம் 150 நிமிஷத்துக்கு மேல் திட்டமிட்டுப் பயிற்சி செய்தவர்களுக்கு 0.89 புள்ளி, அதற்குக் குறைவாகச் செய்தவர்களுக்கு 0.36 புள்ளி இறங்கியதாகச் சொன்னது. அதாவது நல்ல ஒரு மாத்திரைக்குப் பக்கத்தில் வைக்கிற மாதிரியான பலன். மாத்திரை டப்பாவைத் தூக்கிப் போடுகிற அளவுக்கான பலன் எல்லாருக்கும் வராது.

என்னோட நம்பர்

கதை இங்கே முடிந்திருந்தால் இது அப்பாவைப் பற்றிய கட்டுரையாக இருந்திருக்கும்.

போன செமஸ்டரில் காலேஜ்ல ரத்தப் பரிசோதனை முகாம் நடந்தது. சர்டிஃபிகேட் கொடுக்கிறாங்க என்று போனேன். வெறும் வயிற்றில் 114. திரும்பப் பார்த்தேன், 112. எனக்கு வயசு இருபது. எடை 51 கிலோ. கிளாஸ்ல என்னை எல்லாரும் 'குச்சி' என்றுதான் கூப்பிடுவாங்க.

100-லிருந்து 125 வரை என்றால் முன் சர்க்கரை நிலை. இன்னும் நோய் இல்லை, ஆனால் வாசலில் நிற்கிறது. "ஒல்லியா இருக்கிறவளுக்கு எப்படி?" என்று அம்மா அழுதார். இதற்கும் பதில் இருக்கிறது. புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும், ஜான் யுட்கின் என்ற ஆங்கிலேய டாக்டரும் சேர்ந்து நிற்கும் ஒரு படம் 2004-ல் 'லான்செட்' இதழில் வந்தது. ரெண்டு பேருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு. நம்ம ஊர்க்காரர்கள் பலருக்கும் இதுதான் உடல்வாகு. அதோடு அப்பாவுக்குச் சர்க்கரை, ஹாஸ்டல் நண்பர்களோடு ராத்திரி பரோட்டா, ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் பெஞ்சும் லேப்டாப்பும். நானும் முக்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன், கையில் அரம் இல்லை, அவ்வளவுதான்.

நாட்டுக் கணக்கும் இதையே சொல்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து செய்த ஆய்வு 2023-ல் வெளிவந்தது. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். முன் சர்க்கரை நிலையில் இருப்பவர்கள் அதைவிட அதிகம், சுமார் 13.6 கோடி.

வாசலில் நிற்பவர்களை உள்ளே போகாமல் தடுக்க முடியுமா என்பதைச் சென்னையிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவின் இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம், முடிவு வெளியானது 2006-ல். முன் சர்க்கரை நிலையில் இருந்த 531 பேர், எல்லாரும் நடுத்தர வயசு. சுமார் மூணு வருஷத்தில், வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. சாப்பாட்டைத் திருத்தி, தினமும் அரை மணி நேரமாவது வேகமாக நடந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு வந்தது. மெட்ஃபார்மின் மட்டும் கொடுத்த குழுவிலும் கிட்டத்தட்ட அதே அளவு, 40.5. நடையும் மாத்திரையும் சமமாக நின்றன.

39 என்பது சின்ன எண் இல்லை என்பதும் எனக்குத் தெரிகிறது. நடந்தும் பலருக்கு வந்திருக்கிறது. ஆனால் நூறு பேரில் பதினாறு பேர் தப்பித்திருக்கிறார்கள். அந்தப் பதினாறில் ஒருத்தியாக இருக்க முடியுமா என்று பார்க்கத்தான் இப்போது ஓடுகிறேன். முன்பு அப்பாவுக்குத் துணையாகப் போனேன். இப்போது எனக்கு அப்பா துணை.

வயசாகிவிட்டது, முட்டி வலி என்று உங்க வீட்டில் சொல்பவர்களுக்கு ஒரு பேரைச் சொல்லலாம். சென்னை மேயராக இருந்து, 2021-ல் தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரான மா. சுப்பிரமணியன். தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். விபத்தில் முழங்காலில் பலத்த அடி பட்டவர். அதற்குப் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான் ஓடியிருக்கிறார், ஒவ்வொன்றும் 21 கிலோமீட்டர். 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை ஒதுக்கும் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் அவர் துறையில்தான் தொடங்கியது. எல்லாராலும் அவர் மாதிரி ஓட முடியாது, தேவையும் இல்லை. ஓட முடியாதவர்களுக்கு வேக நடை, சைக்கிள், நீச்சல் எல்லாமே அதே வாசலைத்தான் திறக்கின்றன.

கிளம்புறதுக்கு முன்னாடி

எங்க அனுபவத்தில் கற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, டாக்டரிடம் சொல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். நெஞ்சு வலி, ஓடினால் மூச்சுத் திணறல், சர்க்கரையால் கண்ணில் பாதிப்பு, கால் மரத்துப்போவது இருந்தால் கட்டாயம் சோதித்த பிறகுதான். சர்க்கரை 250-க்கு மேல் நின்று உடம்பும் முடியாமல் இருந்தால் அன்றைக்கு ஓட்டம் வேண்டாம்.

இரண்டு, மாத்திரைப் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். அப்பாவின் டப்பாவில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அவரை ஓட வைத்தவள் சொல்கிறேன்.

மூன்று, பாக்கெட்டில் சீனியோ குளுக்கோஸோ இருக்க வேண்டும். நடுக்கம், திடீர் வியர்வை, சம்பந்தமில்லாத பேச்சு வந்தால் ஓட்டத்தை நிறுத்தி, மூணு ஸ்பூன் சீனியைத் தண்ணியில் கலந்து கொடுத்து, பதினஞ்சு நிமிஷம் கழித்து அளந்து பாருங்கள். ஏறவில்லை என்றால் மறுபடி. நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

நான்கு, ஷூ. ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம். சர்க்கரை நோயாளிக்குக் கால் உணர்ச்சி குறைந்திருந்தால் கொப்புளம் வந்ததே தெரியாது. ஓடி முடித்ததும் காலைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்கு, குதிகால் எல்லாம் பார்க்க வேண்டும். எங்க வீட்டில் அது அம்மாவின் டிபார்ட்மென்ட்.

ஐந்து, மெதுவாக ஏற்றுங்கள். ஒன்பது வார அட்டவணை என்றால் ஒன்பது வாரம்தான். பன்னிரண்டு ஆனாலும் தப்பில்லை.

ஓட நேரமே இல்லை என்கிறவர்களுக்கு: சாப்பிட்டதும் பெட்டில் சாயாமல் பதினஞ்சு நிமிஷம் நடங்க. ஹாஸ்டல் மெஸ்ஸிலிருந்து கேட் வரைக்கும் போய் வந்தாலே போதும். சாப்பாட்டுக்குப் பின் ஏறுகிற சர்க்கரை அந்த நேரத்தில்தான் பிடிபடும்.

போன மாசம் எனக்கு முதல் சம்பளம் வந்தது. இன்டர்ன்ஷிப் உதவித்தொகைதான், சின்னத் தொகை. அப்பாவுக்கு ஒரு ஜோடி ரன்னிங் ஷூ வாங்கினேன். டப்பாவைத் திறந்து, லேஸை இழுத்துப் பார்த்து, பட்டறையில் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். "எவ்வளவு?" என்றார். சொல்லவில்லை. மறுநாள் அஞ்சேகாலுக்கே எழுப்பிவிட்டார்.

நேற்று அளந்தது: அப்பா 116. நான் 103. இன்னும் வாசலைவிட்டு நகரவில்லை நான். அடுத்த ஹெச்பிஏ1சி ஆனி மாசம்.

இந்த வாரம் வீட்டுக்குப் போகிறவர்கள் ஒரு வேலை செய்யுங்க. அந்தப் பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து, அட்டையில் இருக்கிற பெயர்களைப் படிங்க. அப்பாகிட்டயோ அம்மாகிட்டயோ கடைசியா எப்போ சுகர் பார்த்தீங்கன்னு கேளுங்க. அப்படியே உங்களோடதையும் ஒரு தடவை பாத்துடுங்க. திண்டுக்கல் பக்கம் வந்தால், காலை அஞ்சரைக்குக் கோட்டைக்குளத்துப் பக்கம் நாங்க இருப்போம். வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, புது ஷூவோடு, சத்தமாகப் பூட்டுக் கதை சொல்லிக்கொண்டு மெதுவாக ஓடுகிறவரைப் பார்த்தால், அவர்தான் எங்கப்பா. நீங்களும் சேர்ந்துக்கலாம்.